தேறியவன் யார்?

காடாம்புலியூர்ப் பக்கத்தில் வீடு கட்ட நினைக்கிறவர் முதலில் தேடிப் போவது, அந்த வட்டாரத்தில் நாலு வீடு கட்டி நிறுத்தியிருக்கும் மேஸ்திரியைத்தான். அவரிடம் யாரும் சர்டிபிகேட் கேட்பதில்லை. அவர் கட்டிய வீட்டில் குடியிருப்பவரைப் பார்த்து, "போன மழைக்கு ஒழுகிற்றா?" என்று கேட்பார்கள். ஒழுகவில்லையென்றால் மேஸ்திரி தேறிவிட்டார். இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். கட்டிடம் கட்டுகிறவன் தேறியவனா, இல்லையா என்பதை எப்படித் தீர்மானிப்பது என்று உலகம் இரண்டாயிரம் வருஷமாக மண்டையை உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. மழையைக் கேட்பது அந்த வழிகளுள் மிகவும் பழையது, அவ்வளவுதான்.

காடாம்புலியூருக்கு ஒரு பக்கம் விருத்தாசலம், இன்னொரு பக்கம் சிதம்பரம். சிதம்பரத்து வடக்குக் கோபுரம் 1516-ஐ ஒட்டிக் கிருஷ்ணதேவராயர் எழுப்பியது. அந்தக் கோபுரத்துக்குள் ராயருடைய உருவம் இருக்கிறது. அதில் வியப்பில்லை, பணம் கொடுத்தவர் அவர். ஆனால் அதே கோபுரத்தில் இன்னும் நாலு பேருடைய உருவங்களும் பெயருடன் செதுக்கப்பட்டிருக்கின்றன. அவர்கள் கட்டிய ஆசாரிகள். ஒருவர் விருத்தாசலத்துக்காரர், அவர் பக்கத்தில் அவர் மகன் விசுவமுத்து. மற்றொருவர் வேறோர் ஆசாரி. அவர் பக்கத்தில் அவர் தம்பி காரணாச்சாரி.

தகப்பனும் பிள்ளையும், அண்ணனும் தம்பியும்! இது தற்செயலாக அமைந்த ஜோடி அல்ல. மயமதம் என்னும் சிற்ப சாஸ்திரம் கட்டிட வேலைக்காரர்களை நாலு வகையாகப் பிரிக்கிறது. திட்டம் வகுத்து எல்லாவற்றையும் நடத்துகிறவர் ஸ்தபதி. நூலும் கோலும் பிடித்து அளவு காண்பவர் சூத்ரகிராஹி. கல்லையும் மரத்தையும் வெட்டிச் செதுக்குகிறவர் தக்ஷகர். செதுக்கியதை இணைத்து நிறுத்துகிறவர் வர்த்தகி. இவர்களுள் சூத்ரகிராஹி, ஸ்தபதியின் மகனாகவோ சீடனாகவோ இருக்க வேண்டும் என்கிறது நூல். ஸ்தபதிக்கு அது கேட்கும் லட்சணங்களோ நீளமானவை: கணிதம் தெரிய வேண்டும், சித்திரம் வர வேண்டும், பல தேசங்களை அறிந்திருக்க வேண்டும், பொய் சொல்லக் கூடாது, பேராசையும் பொறாமையும் ஆகாது. ஏறக்குறைய அதே பாணியில், கிறிஸ்து பிறப்பதற்குச் சற்று முன்னால் ரோமாபுரியில் விட்ருவியஸ் என்பவரும் எழுதினார். அவருடைய கட்டிடக் கலைஞன் சட்டம், சங்கீதம், வைத்தியம், வானசாஸ்திரம் எல்லாம் படித்திருக்க வேண்டும்!

கணிதத்தைப் பரீட்சை வைத்துப் பார்த்துவிடலாம். பொறாமையை எந்தப் பரீட்சையில் பார்ப்பது? கூடவே வைத்துக்கொண்டு பத்து வருஷம் வேலை வாங்கினால்தான் தெரியும். அதனால்தான் பழைய ஏற்பாட்டில் பரீட்சைக்குத் தேதி கிடையாது. கோலைப் பிள்ளையிடம் கொடுக்கும் நாள் எதுவென்று தகப்பனுக்குத்தான் தெரியும்.

இதில் ஊழல் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். தகப்பனே பரீட்சகரானால் பிள்ளை தவறுவது அபூர்வந்தான். அந்தக் குடும்பத்தில் பிறக்காத கெட்டிக்காரப் பையனுக்குக் கதவு பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. பெண்களுக்கு அது திறக்கவே இல்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வடக்குக் கோபுரம் சரிந்திருந்தால் பிள்ளையின் பெயரோடு தகப்பனின் பெயரும் மண்ணுக்குள் போயிருக்கும். தேர்ச்சி கொடுத்தவரும் அந்தக் கட்டிடத்தின் அடியிலேயே நின்றார்.

அரசாங்க முத்திரை என்பதும் நமக்குப் புதிதல்ல. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, கட்டிய தச்சரைக் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சன் என்று குறிக்கிறது. ராஜாவின் பெயரையே பட்டமாகச் சுமப்பதைவிடப் பெரிய லைசென்ஸ் ஏது?

அச்சிட்ட கேள்வித்தாள் வந்தது பிற்பாடு. லண்டனில் 1834-ல் ஏற்பட்ட கட்டிடக் கலைஞர் சங்கம் 1863-ல் விரும்பினவர்களுக்குப் பரீட்சை வைத்தது. 1882-ல் அங்கத்தினராகச் சேர விரும்பியவர்களுக்கு அதைக் கட்டாயமாக்கிற்று. உடனே எதிர்ப்புக் கிளம்பியது. கட்டிடக் கலை ஒரு தொழிலா, கலையா என்று கேட்டு, 1892-ல் நார்மன் ஷா முதலிய பெயர் பெற்ற நிபுணர்கள் ஒரு புத்தகமே போட்டார்கள். கலையை மார்க்குப் போட்டு அளக்க முடியாது என்பது அவர்கள் கட்சி. ஆனால் காலம் வேறு பக்கம் ஓடிற்று. அமெரிக்காவில் இல்லினாய் ராஜ்யம் 1897-ல் முதன்முதலாக லைசென்ஸ் சட்டம் செய்தது. இன்று அங்கே பட்டம் வாங்கியது போதாது. அனுபவசாலிகளின் மேற்பார்வையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் வேலை செய்து, பரீட்சையும் எழுதித் தேறவேண்டும்.

நம் நாட்டில் சட்டம் 1972-ல் வந்தது. அங்கீகாரம் பெற்ற பட்டம் இருந்தால் பதிவு. பட்டத்துக்குமேல் தனிப் பரீட்சை எதையும் அந்தச் சட்டம் கேட்கவில்லை. ஏற்கெனவே ஐந்து வருஷமாவது தொழில் செய்து வந்தவர்களை, முதல் பதிவேட்டில் பட்டமில்லாமலே சேர்த்துக்கொள்ள வழி வைத்தார்கள். அனுபவத்துக்குச் சட்டம் செய்த கடைசி நமஸ்காரம் அது என்று சொல்லலாம்.

ஸ்தபதிகள் என்ன ஆனார்கள்? 1957-ல் மாமல்லபுரத்தில் அரசாங்கம் சிற்பப் பயிற்சி நிலையம் தொடங்கியது. முதலில் அதை நடத்தியவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப் பின் அவர் மகன் கணபதி ஸ்தபதி. மறுபடியும் தகப்பனும் பிள்ளையுந்தான்! ஆனால் பிள்ளை காலேஜில் கணிதம் படித்துப் பட்டம் வாங்கியவர். நிலையத்தின் கதவோ மற்றக் குடும்பத்துப் பையன்களுக்கும் திறந்திருந்தது. அவர் கன்னியாகுமரியில் நிறுத்திய 133 அடி வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-ல் கடல் பொங்கி வந்து மோதியது. சிலை நின்றது. கடலே பரீட்சகராக வந்த இடம் அது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2014 ஜூன் 28 மாலை, சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், மழைக்கு நடுவே பதினோரு மாடிக் கட்டிடம் ஒன்று இடிந்து விழுந்தது. 61 உயிர்கள் போயின. பெரும்பாலோர் அதைக் கட்டிக்கொண்டிருந்த ஏழைத் தொழிலாளிகள். அவர்களில் ஒருவரும் எந்த வரைபடத்திலும் கையெழுத்துப் போட்டவர் அல்லர்.

குலத்தை நம்பிய பழைய முறைக்குத் திரும்ப வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அடைத்த கதவைத் திறந்தது பரீட்சையின் புண்ணியம். ஆனால் பரீட்சகர் கட்டிடத்தைவிட்டு வெகு தூரம் போய்விட்டார். பரீட்சைக்குத் தயாராகும் வாலிபன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ள விரும்பினால், மாதிரிக் கேள்விகளோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்: தான் வரைந்த கூரையின் கீழ், ஐப்பசி மழையில், தன் தாயாரைப் படுக்க வைத்துவிட்டு நிம்மதியாக வெளியூர் போக முடியுமா? முடியுமென்று மனசு சொன்னால், அவன் பரீட்சைக்குப் பணம் கட்டலாம்.