செங்கல்பட்டு சீர்திருத்தப் பள்ளி

செங்கல்பட்டு சீர்திருத்தப் பள்ளி, குற்றம் புரிந்த சிறுவர்களுக்காகச் சென்னை மாகாணத்தில் 1887-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. சிறைக்குப் போகவேண்டிய சிறுவனைப் பள்ளிக்கு அனுப்பும் முறை தமிழகத்தில் இங்குதான் வேர்கொண்டது. அந்நகரில் உள்ள அரசினர் சிறப்பு இல்லம் அதன் வழிவந்தது.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் 1854-இல் சிறுமிகளுக்கான சீர்திருத்தப் பள்ளியை நிறுவிய மேரி கார்ப்பென்டர், 1866-இல் இந்தியா வந்தபோது சென்னைக்கும் வந்தார். சிறுவர்களைப் பெரியவர்களோடு சிறையில் அடைப்பதை அவர் எதிர்த்தார். பத்தாண்டுகளுக்குப் பின், 1876-இல், இந்தியாவின் முதல் சீர்திருத்தப் பள்ளிச் சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 1897-இல் இயற்றப்பட்ட சட்டமே நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது.

1897 சட்டம், தண்டனை பெற்றபோது 15 வயது நிறையாத ஆண் பிள்ளைகளுக்கு மட்டுமே பொருந்தியது. பள்ளியில் இரவில் பிள்ளைகளைத் தனித்தனியே உறங்கவைக்க வசதி, குடிநீர், உணவு, உடை, படுக்கை, மருத்துவ அறை, தொழிற்பயிற்சி ஆகியவை இருக்கவேண்டும் என்றது. ஆனால் பள்ளியில் வைத்திருக்கும் காலம் 3 ஆண்டுக்குக் குறையக்கூடாது, 7 ஆண்டை மிஞ்சக்கூடாது என்றும் விதித்தது. ஒரு தொழிலைக் கற்க சில மாதங்கள் போதாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதன் விலையைக் கொடுத்தவர்கள் பிள்ளைகள். சிறு திருட்டுக்குப் பெரியவர் ஒருவர் சில மாதங்களில் விடுதலையாகிவிடுவார்; அதே திருட்டுக்குச் சிறுவன் மூன்று ஆண்டாவது வீட்டைப் பிரிந்திருக்கவேண்டும். அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தில் ஒரு வட்டமாக இருந்த திருவண்ணாமலையிலிருந்து செங்கல்பட்டு நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கூலி வேலை செய்யும் பெற்றோருக்கு மகனைப் பார்த்துவருவதே பெரும்பாடு. 14 வயது நிறைந்தவனை நம்பிக்கையான ஒருவரிடம் வேலைக்கு விட, மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும் உரிமத்துக்குச் சட்டத்தில் இடமிருந்தது.

இந்தியாவின் முதல் குழந்தைகள் சட்டம் 1920-இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் பின்தொடர்ந்தன. பெண் குழந்தைகளும் இதில் சேர்க்கப்பட்டனர். பிச்சையெடுக்கும், வீடின்றித் திரியும் குழந்தைகளையும் நீதிமன்றத்தின் முன் நிறுத்த வழி பிறந்தது. தீபத் திருவிழாவுக்கு மக்கள் திரளும் திருவண்ணாமலை போன்ற கோயில் ஊர்களில் இதன் பொருள் பெரிது: கோபுர வாசலில் கையேந்திய குழந்தையையும், திருடிப் பிடிபட்ட குழந்தையையும் ஒரே சட்டத்தின்கீழ்ப் பள்ளிக்கு அனுப்பலாம். பாதுகாப்பு எது, தண்டனை எது என்ற குழப்பம் அன்றே தொடங்கியது. 16 முதல் 21 வயது வரையிலானவர்களுக்குத் தனியே பார்ஸ்டல் பள்ளிகள் வந்தன.

நாடு முழுமைக்குமான சிறார் நீதிச் சட்டம் 1986-இல் வந்தது. அதில் ஆண்களுக்கு 16, பெண்களுக்கு 18 என்றிருந்த வயது வரம்பு, 2000-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருபாலருக்கும் 18 ஆனது. 2015 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு நீதித்துறை நடுவரும் இரு சமூகப் பணியாளர்களும் கொண்ட இளைஞர் நீதிக் குழுமம் இருக்கவேண்டும்; இருவரில் ஒருவர் பெண். 1989-இல் தனி மாவட்டமான திருவண்ணாமலைக்கும் இது பொருந்தும். சிறப்பு இல்லத்தில் கல்வி, தொழில், மனநல ஆலோசனைக்காகக் குழுமம் ஒரு சிறுவரை அதிகபட்சம் 3 ஆண்டுகள் வைத்திருக்கலாம். 1897-இல் அடிமட்ட வரம்பாக இருந்த எண் இப்போது உச்சவரம்பு. 16 வயது நிறைந்தவர் மிகக் கொடிய குற்றம் செய்ததாகக் கருதப்பட்டால், முதற்கட்ட மதிப்பீட்டுக்குப் பின் பெரியவராக விசாரிக்கப்படவும் அதே சட்டம் இடமளிக்கிறது. அவ்வாறு விசாரிக்கப்படாத சிறாரின் பழைய வழக்கு, பிற்காலத்தில் அவருக்கு எந்தத் தகுதியிழப்பையும் உண்டாக்காது.