முகச் சவரத்தின் கதை: ஒரே ஒரு பிளேடு போதுமா?

உத்திரமேரூர் என்றதும் குடவோலை முறை உங்கள் நினைவுக்கு வரும். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளைப் பற்றிப் பாடநூலில் படித்திருப்பீர்கள். அவ்வூருக்கு வடகிழக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் திருமுக்கூடல் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள பெருமாள் கோயில் கல்வெட்டுக்கு அவ்வளவு புகழ் இல்லை. ஆனால் நம் கதையை அங்கேதான் தொடங்க வேண்டும்.

அது வீரராசேந்திர சோழனுடைய கல்வெட்டு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. கோயிலோடு இணைந்திருந்த மாணவர் விடுதியையும், 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையையும் பற்றி அது விரிவாகப் பேசுகிறது. மருத்துவமனைப் பணியாளர் பட்டியலில் மருத்துவர் இருக்கிறார்; அறுவை செய்பவர் இருக்கிறார்; மருந்துக்கு வேண்டியவற்றைக் கொண்டு வருவோரும், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களோடு ஒரு நாவிதரும் இருக்கிறார்!

மருத்துவமனையில் நாவிதருக்கு என்ன வேலை என்று வியக்க வேண்டாம். புண்ணுக்கு மருந்திட வேண்டுமானால் முதலில் அங்குள்ள மயிரை மழிக்க வேண்டும். கட்டியைக் கீறவும் கூர்மையான கத்தி வேண்டும். இரண்டுக்கும் ஒரே கத்தி, ஒரே கை. தமிழ்நாட்டில் நாவிதர்களுக்கு மருத்துவர் என்ற பெயரும், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கு மருத்துவச்சி என்ற பெயரும் வழங்கியதை இங்கே நினைத்துப் பாருங்கள். இங்கிலாந்திலும் இதே நிலைதான். அங்கே நாவிதரும் அறுவை மருத்துவரும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தின் உறுப்பினர்களாக இருந்தார்கள்.

அந்தச் சவரக்கத்தியைச் சற்றே கவனிப்போம். கல்லில் தீட்டி, தோல்வாரில் முன்னும் பின்னும் இழுத்துப் பதப்படுத்திய எஃகு விளிம்பு அது. அதன் கூர்மையைவிடப் பெரிய விஷயம், அதைப் பிடிக்கும் கோணம். ஏறத்தாழ 30 பாகைக்குச் சாய்த்துப் பிடித்தால் மயிர் வெட்டுப்படும். நிமிர்த்திப் பிடித்தால் விளிம்பு தோலைச் சுரண்டும். மிகவும் படுக்க வைத்தால் மயிரை வெட்டாமல் இழுக்கும். தாடையின் வளைவுக்கும் தொண்டைக் குழிக்கும் ஏற்றபடி இந்தக் கோணத்தை நொடிக்கு நொடி மாற்றுவது மணிக்கட்டின் வேலை. அதைப் பழகப் பல ஆண்டுகள் ஆகும். இந்தத் திறமைக்கு நம் ஊர்களில் கிடைத்த கூலி, அறுவடைக் களத்தில் அளந்து போட்ட நெல். பிறப்பால் சுமத்தப்பட்ட தொழில் அது. அதே சாதிக் கட்டுப்பாடு, தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சவரம் செய்யக் கூடாது என்று பல ஊர்களில் அவரையே தடுத்தது. தன் முகத்தைத் தானே மழித்துக்கொள்ள ஒரு கருவி கிடைப்பது சிலருக்கு வெறும் வசதி மட்டுமல்ல என்பதை இதிலிருந்து அறியலாம்.

பழகாத கையிலும் கோணம் தவறாமல் இருக்க வழி உண்டா? 18ஆம் நூற்றாண்டில் ஷான் ஷாக் பெரே என்ற பிரெஞ்சுக் கத்தித் தொழிலாளர் இதைப் பற்றிச் சிந்தித்தார். தச்சரின் இழைப்புளியைப் பார்த்திருக்கிறீர்களா? அதன் உளி கட்டைக்குள் அடங்கி, விளிம்பு மட்டும் சிறிதே வெளியே தெரியும். அதைப் போலவே பெரே தம் கத்திக்கு ஒரு மரக் காப்புறை பொருத்தினார். 1880இல் அமெரிக்காவில் கேம்ஃப் சகோதரர்கள் சிறு கத்தித் துண்டு ஒன்றைக் கைப்பிடியில் பொருத்திப் பாதுகாப்பு ரேசர் என்று பெயரிட்டார்கள். ஆனாலும் அந்தத் துண்டைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது.

தீட்டவே வேண்டாம், மழுங்கியதும் எறிந்துவிடலாம் என்று துணிந்தவர் கிங் கேம்ப் ஜில்லெட். தாளைப் போல் மெல்லிய எஃகுத் தகட்டுக்கு உறுதியான கூர் ஏற்ற முடியாது என்று உலோக அறிஞர்கள் கையை விரித்தார்கள். வில்லியம் நிக்கர்சன் என்ற பொறியாளர் அதைச் செய்து காட்டினார். விற்பனை தொடங்கிய 1903ஆம் ஆண்டில் போனவை 51 ரேசர்கள், 168 பிளேடுகள், அவ்வளவுதான்! அடுத்த ஆண்டிலோ ரேசர் விற்பனை 90,000ஐத் தாண்டியது. முதல் உலகப் போரின்போது அமெரிக்க அரசு தன் படைவீரர்களுக்காக 35 லட்சம் ரேசர்களை வாங்கியது. அவர்கள் ஊர் திரும்பியபோது தானே மழித்துக்கொள்ளும் வழக்கமும் உடன் வந்தது.

இந்த ரேசரில் பிளேடு இரண்டு தகடுகளுக்கிடையே வளைந்து இறுகுகிறது. அந்த வளைவு மெல்லிய தகட்டை விறைப்பாக்குகிறது, கோணத்தையும் நிலைநிறுத்துகிறது. முன்னால் இருக்கும் சீப்பு போன்ற விளிம்பு தோலை இழுத்துச் சமப்படுத்த, அதன் பின்னாலேயே கூர்முனை வருகிறது. மணிக்கட்டு செய்த வேலையில் பெரும்பகுதியை இரண்டு தகடுகள் ஏற்றுக்கொண்டன என்று சொல்லலாம்.

நம் வீடுகளுக்கும் பிளேடு வந்து சேர்ந்தது. அந்தக் காலத்துப் பிளேடு கார்பன் எஃகு. ஈரத்தோடு வைத்தால் மறுநாளே துருப்பிடிக்கும். மழுங்கிய பிளேடைக் கண்ணாடி டம்ளரின் உட்புறத்தில் தேய்த்து மறுபடியும் பயன்படுத்திய சிக்கனக்காரர்களைப் பற்றி உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். (அதற்கும் உதவாத பிளேடு பள்ளிப் பையனின் பென்சிலுக்கு!) 1960களின் தொடக்கத்தில் குரோமியம் கலந்த துருப்பிடிக்காத பிளேடு பரவியபோதுதான் இந்தத் தொல்லை தீர்ந்தது.

1971இல் இரட்டை பிளேடு ரேசர் வந்தது. பிறகு மூன்று, ஐந்து என்று எண்ணிக்கை ஏறிற்று. இதன் தத்துவம் இது: முதல் பிளேடு மயிரை வெட்டும்போதே சற்று மேலே இழுக்கிறது, அது உள்ளே திரும்புமுன் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டிவிடுகிறது. எஞ்சிய முனை தோல்மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால் கன்னம் வழுவழுப்பாகிறது.

மென்மையான தோலுக்கு ஆபத்து இங்கேதான். சுருண்டு வளரும் மயிராக இருந்தால், உள்ளே ஒளிந்த கூர்முனை நேராக வெளிவராமல் மயிர்க்குழியின் சுவரையே குத்துகிறது. உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி எதிர்க்க, அவ்விடம் சிவந்து பருவாகிறது. மேலும், நம் தோலின் புறத்தேயுள்ள கொம்புப் படலம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனம்கூடப் பெரும்பாலும் இராது. ஐந்து பிளேடு ரேசரை ஒரு முறை இழுத்தால் அதன்மேல் ஐந்து விளிம்புகள் உரசிச் செல்கின்றன. ஒற்றை பிளேடு மயிரைத் தோல்மட்டத்தோடு விட்டுவிடுகிறது, உரசலும் ஒன்றுதான். இத்தகைய பருக்களால் துன்பப்படுவோருக்குத் தோல் மருத்துவர்கள் பலர் ஒற்றை பிளேடைப் பரிந்துரைப்பது இதனால்தான். மயிர் வளரும் திசையிலேயே, அழுத்தாமல் இழுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள்.

மயிரை நன்றாக நனைப்பதும் முக்கியம். நீரை உறிஞ்சிய மயிர் எளிதில் வெட்டுப்படும். மயிர் எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது; ஆயினும் பிளேடை மழுங்கச் செய்வது அதுவே. 2020இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் மின்னணு நுண்ணோக்கியில் இதை ஆராய்ந்தார்கள். மயிர் வளைந்து பக்கவாட்டில் தள்ளும்போது, கூர்முனையில் பலவீனமான இடம் இருந்தால் அங்கே மிகச்சிறு சில்லு பெயர்கிறது என்று கண்டார்கள்.

இதே கழகத்தைத் தொட்டு இன்னொரு செய்தி உண்டு. ஜில்லெட் நிறுவனம் 2002இல் இந்தியாவுக்காக வெக்டர் என்ற ரேசரைக் கொண்டுவந்தது. முன்கூட்டியே அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அங்கே படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்கள். பிரமாதம் என்றார்கள். இந்தியாவுக்கு வந்தபோதோ வரவேற்பில்லை. காரணம் என்ன? மாணவர்களுக்குக் குழாயைத் திறந்தால் தண்ணீர் கொட்டியது. நம் கிராமத்தார் முன்னே இருந்தது ஒரு குவளைத் தண்ணீர். அதில் முக்கி எடுத்த ரேசரில் மயிர் அடைத்துக்கொண்டே இருந்தது.

நிறுவனத்தார் அதன் பிறகுதான் இந்தியாவுக்கு வந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுடன் 3,000 மணி நேரத்துக்கும் அதிகமாகச் செலவிட்டார்கள். தரையில் உட்கார்ந்து, மங்கிய வெளிச்சத்தில் கையளவு கண்ணாடியை வைத்துக்கொண்டு மழிப்பவருக்கு வழுவழுப்பைவிடக் காயம்படாமல் இருப்பதே முக்கியம் என்று தெரிந்துகொண்டார்கள். 2010இல் கார்டு என்ற ரேசர் வெளிவந்தது. அப்போது அதன் விலை 15 ரூபாய்; மாற்று பிளேடு 5 ரூபாய். உறுப்புகள் நான்கே நான்கு. தோலைச் சமப்படுத்த முன்னால் ஒரு சீப்பு. குவளைத் தண்ணீரில் அலசினாலே மயிர் போய்விடும்படி திறந்த அமைப்பு. பிளேடு எத்தனை என்கிறீர்களா? ஒன்றுதான்.