கட்டைவிரல் அடிமூட்டுத் தேய்மானம்: அறுவை சிகிச்சையில் எதை, எப்போது தேர்வு செய்வது?

மும்பை: தாராவியில் தோல் தைப்பவர், கும்பார்வாடாவில் மண் பிசையும் குயவர், மாட்டுங்காவில் மாலை கட்டுபவர், செம்பூர் வீடுகளில் துணி பிழியும் பணிப்பெண் என அனைவரின் வருமானமும் கட்டைவிரலின் பிடிப்பைச் சார்ந்தது. அதன் அடியில் உள்ள மூட்டு தேய்ந்தாலோ தளர்ந்தாலோ சாவியைத் திருப்புவதும் பாட்டில் மூடியைத் திறப்பதும்கூட வேதனையாகிவிடும். கையின் மொத்தப் பயன்பாட்டில் 40 சதவீதத்தை கட்டைவிரலுக்கு ஒதுக்குகிறது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இயலாமை மதிப்பீட்டு முறை.

மணிக்கட்டில் உள்ள டிரப்பீசியம் என்ற சிறு எலும்பின் மீது கட்டைவிரலின் உள்ளங்கை எலும்பு, குதிரைச் சேணத்தில் அமர்வதுபோல் பொருந்தியுள்ளது. இந்த அமைப்பால்தான் கட்டைவிரல் பல திசைகளிலும் அசைகிறது; மூட்டு எளிதில் நழுவுவதற்கும் இதுவே காரணம். விரல் நுனியில் 1 கிலோ விசையுடன் கிள்ளிப் பிடித்தால் அடிமூட்டில் சுமார் 12 கிலோ விசை இறங்குவதாக 1977-இல் வெளியான கூனி, சாவோ ஆய்வு கணக்கிட்டது. மூட்டைக் கட்டி நிறுத்தும் தசைநார்கள் தளரும்போது குருத்தெலும்பு தேயத் தொடங்குகிறது. மாதவிடாய் நின்ற பெண்களிடம் இப்பாதிப்பு அதிகம்.

எக்ஸ்-ரே படத்தைக் கொண்டு தேய்மானம் நான்கு நிலைகளாகப் பிரிக்கப்படுகிறது. ஆனால் படத்தின் தீவிரமும் வலியின் தீவிரமும் ஒத்துப்போவதில்லை. எனவே, படத்தை மட்டும் பார்த்து அறுவை சிகிச்சை முடிவு செய்யப்படுவதில்லை. முதலில் ஸ்பிளிண்ட், பயிற்சி, வலி மருந்து, தேவையெனில் ஸ்டீராய்டு ஊசி ஆகியவை பல மாதங்கள் முயற்சிக்கப்படும். அவை பலனளிக்காதபோதே அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும்.

தேய்மானமின்றி மூட்டு தளர்ந்து மட்டும் இருந்தால், மணிக்கட்டை மடக்கும் தசைநாணின் ஒரு பகுதியைக் கொண்டு தசைநாரை மறுசீரமைக்கலாம். ஈட்டன், லிட்லர் ஆகியோர் 1973-இல் விவரித்த முறை இது.

தேய்மானம் முற்றியவர்களுக்குப் பரவலாகச் செய்யப்படுவது டிரப்பீசியம் எலும்பை அகற்றுவதாகும். பிரிட்டனின் ஜெர்விஸ் 1949-இல் இதனை விவரித்தார். எலும்பு இருந்த இடத்தில் தசைநாணைச் சுருட்டி வைத்து மூட்டைக் கட்டும் கூடுதல் முறை 1980-களில் புகழ்பெற்றது. எனினும், எலும்பை மட்டும் அகற்றுவதைவிட இது மேலானது என ஒப்பீட்டு ஆய்வுகள் நிறுவவில்லை என்பது 2015-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வின் முடிவு. கூடுதல் செலவைக் கேட்கும் நோயாளி, அதன் காரணத்தையும் மருத்துவரிடம் கேட்பது நியாயமே.

கடும் உடலுழைப்பில் ஈடுபடும் இளையோருக்கு இரு எலும்புகளையும் ஒன்றாக இணைத்துவிடும் முறை பரிந்துரைக்கப்படுவதுண்டு. வலி நீங்கும், பிடி வலுவாக இருக்கும். ஆனால் உள்ளங்கையை மேசை மீது தட்டையாக வைக்க இயலாது. எலும்பு இணையாமல் போகும் அபாயமும் உண்டு, புகைப்பவர்களுக்கு அது மேலும் அதிகம். சுத்தியல் பிடிப்பவருக்கு இது பொருந்தலாம். விரலை விரித்து மாவு தேய்ப்பவருக்கோ குறுகிய இடத்திற்குள் கையை நுழைத்து வேலை செய்பவருக்கோ பொருந்தாது. ஆகவே, எந்தக் கையால் என்ன வேலை செய்கிறோம் என்பதை நோயாளி விரிவாகச் சொல்ல வேண்டும். செயற்கை மூட்டும் பயன்பாட்டில் உள்ளது. அது தளர்ந்தால் மீண்டும் அறுவை சிகிச்சை தேவைப்படும்.

எலும்பு அகற்றப்பட்டபின் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் கட்டு அல்லது ஸ்பிளிண்ட் அணிய வேண்டும். கனமான வேலைக்குத் திரும்ப மூன்று மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம். பிடிவலிமை முழுமையாக மேம்பட ஓராண்டு வரை பிடிக்கக்கூடும். விரலின் பின்புறத் தோலில் மரத்துப்போதல், தொற்று, நீடித்த வலி ஆகியவை அறியப்பட்ட பக்கவிளைவுகள். தினக்கூலிக்கும் துண்டுக்கூலிக்கும் உழைப்பவருக்கு, மருத்துவமனைக் கட்டணத்தைவிட இந்த மாதங்களின் வருமான இழப்பே பெரிய சுமை. அதனால் இரு கைகளிலும் பாதிப்பு இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வதில்லை.

தாராவிக்கு அருகே சயானில் லோக்மான்ய திலக் மாநகராட்சி பொது மருத்துவமனையும், பரேலில் கே.இ.எம். மருத்துவமனையும் எலும்பியல், பிளாஸ்டிக் அறுவை சிகிச்சைத் துறைகளைக் கொண்டுள்ளன. மகாத்மா ஜோதிராவ் புலே ஜன ஆரோக்கிய யோஜனா, ஆயுஷ்மான் பாரத் திட்டங்களில் குறிப்பிட்ட சிகிச்சை இடம்பெறுகிறதா என்பதை, மருத்துவமனையின் திட்ட உதவி மையத்தில் ரேஷன் அட்டையுடன் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளலாம்.