மஞ்சள் வீட்டில் இடப்பக்கம் திரும்பவும்

1903-ம் ஆண்டு மே மாதக் கடைசி. கலிஃபோர்னியாவின் மண்சாலை ஒன்றில் ஹொரேஷியோ நெல்சன் ஜாக்சன் என்ற டாக்டர் தன் விண்டன் காரை நிறுத்திவிட்டு, எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் விழித்துக்கொண்டிருந்தார். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து நியூயார்க் வரை காரிலேயே போய்க் காட்டுகிறேன் என்று 50 டாலர் பந்தயம் கட்டிவிட்டுப் புறப்பட்டவர். துணைக்கு க்ராக்கர் என்ற மெக்கானிக். அந்த நேரம் பார்த்து வெள்ளைக் குதிரையில் செம்பட்டை முடிப் பெண் ஒருத்தி வந்தாள். வழி கேட்டார்கள். தயங்காமல் கை நீட்டினாள். அவள் காட்டிய திசையில் மைல் மைலாக ஓட்டினார்கள். பாதை ஒரு பண்ணை வீட்டு வாசலில் போய் முடிந்துவிட்டது. அதற்கு மேல் சாலையே இல்லை.

திரும்பி வரும் வழியில் அதே பெண் எதிர்ப்பட்டாள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டதற்கு ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அவளுடைய அப்பா, அம்மா, கணவர் மூவருமே அதுவரை காரைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர்கள் பார்க்கட்டும் என்றுதான் அந்தப் பக்கம் அனுப்பிவைத்தாளாம்! ஜாக்சன் எப்படியோ 63 நாளில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். ஆனால், வழியில் தென்படும் மனிதரை நம்பி இனி வண்டி ஓட்ட முடியாது என்பது அந்தப் பயணத்தில் பட்டவர்த்தனமாகிவிட்டது. அதற்கான மருந்து நாட்டின் மறுகோடியில் ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது.

அன்றைய அமெரிக்காவில் ஊருக்கு வெளியே ஓடிய சாலைகளுக்குப் பெயர் கிடையாது, எண் கிடையாது, பலகை கிடையாது. அதில் யாருக்கும் குறை தெரிந்ததும் இல்லை. குதிரை வண்டியில் போகிறவர் தனக்குப் பழக்கமான பத்து இருபது மைலைத் தாண்டுவது அபூர்வம். தூரப் பயணம் என்றால் ரயில் இருந்தது. கார் வந்ததும்தான் மனிதர் முதல்முறையாக, சொந்த வண்டியில் அமர்ந்து, முன்பின் தெரியாத ஊருக்கு, தெரியாத சாலையில் போகத் தொடங்கினார். கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரில் சார்லஸ் ஹோவர்ட் ஜில்லெட் 1901-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பெயர் ‘அஃபீஷியல் ஆட்டோமொபைல் புளூ புக்’. நகரின் நடுவில் எல்லோருக்கும் தெரிந்த ஓரிடத்தில் மைல்மானியைப் பூஜ்யத்தில் வைக்க வேண்டும். அதன்பிறகு, இத்தனையாவது மைலில் இரும்புப் பாலம், அதைத் தாண்டி வலது. இத்தனையாவது மைலில் தேவாலயம், அங்கே சாலை பிரியும், இடது என்று புத்தகம் வரிவரியாகச் சொல்லிக்கொண்டே வரும். படமாகக் கிடந்த ஊரைப் படிகளாக உடைத்து வாக்கியங்களாக்கியது பெரிய காரியம். 1906-ல் அமெரிக்க ஆட்டோமொபைல் சங்கமே இதற்கு முத்திரை கொடுத்தது. கொஞ்சம் வசதியுள்ள காரில் எல்லாம் நீலப் புத்தகம் இடம்பிடித்தது. அதன் பலவீனம் வெளிப்பட இன்னும் மூன்றே வருடம் பாக்கி.

1909 ஜூன் 9. கொட்டும் மழையில் நியூயார்க்கிலிருந்து ஒரு மாக்ஸ்வெல் கார் கிளம்பியது. ஓட்டியவர் ஆலிஸ் ராம்சே, வயது 22. அமெரிக்காவைக் குறுக்காகக் கடக்கும் முதல் பெண் ஓட்டுநர் ஆகப் புறப்பட்டிருந்தார். உடன் வந்த மூன்று பெண்களுக்கும் வண்டி ஓட்டத் தெரியாது. அவர்கள் கையில் நீலப் புத்தகம் இருந்தது. ஓரிடத்தில் அது, மஞ்சள் வீடும் களஞ்சியமும் வரும், அங்கே இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்றது. மைல் கணக்கு சரியாக இருந்தது. கண்ணுக்கு எட்டிய வரை மஞ்சள் வீட்டைத்தான் காணோம்.

அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது விஷயம் வெளிவந்தது. வீடு அங்கேயேதான் இருந்தது. அதன் சொந்தக்காரர் குதிரைப் பிரியர். கார் என்றாலே ஆகாது. தன் வீட்டை அடையாளமாக வைத்து கார்காரர்கள் வழி கண்டுபிடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும், வீட்டுக்கு முழுவதுமாகப் பச்சை வண்ணம் அடித்துவிட்டார்! ஒரு மனிதரும் சில டப்பா பெயின்ட்டும் போதும், ஒரு புத்தகத்தையே பொய்யாக்கிவிடலாம். மிசிசிப்பி ஆற்றைத் தாண்டியபின் அந்தப் புத்தகமும் இல்லை. எந்தக் கம்பத்தில் அதிகக் கம்பிகள் ஓடுகின்றனவோ அந்தப் பக்கம்தான் ஊர் இருக்கும் என்று ஊகித்து, ராம்சே கம்பிகளைப் பின்தொடர்ந்தார். 59 நாளில் சான் ஃபிரான்சிஸ்கோவைத் தொட்டார். இந்தக் கதையில் வரும் எல்லோரிலும் துணிச்சல்காரர் அவர்தான் என்பேன். அவர் பட்ட பாட்டுக்குத் தீர்வு தேடிப் பலர் பல பக்கம் ஓடினார்கள்.

சிகாகோவில் எச். சார்ஜென்ட் மைக்கேல்ஸ் என்பவர் திருப்பத்துக்குத் திருப்பம் புகைப்படம் எடுத்து அம்புக்குறி போட்டுப் புத்தகமாக்கியிருந்தார். ஜோன்ஸ் என்பவர் சக்கரத்தோடு கேபிளால் இணைந்து, கார் நகர நகரத் தானும் சுற்றும் ஒரு வட்டத் தகட்டைக் கொண்டுவந்தார்; வழி அதன்மேல் அச்சாகியிருக்கும். 1913 டிசம்பரில் பிட்ஸ்பர்க் நகரில் திறந்த கல்ஃப் கம்பெனியின் பெட்ரோல் நிலையம் சாலை வரைபடத்தை இலவசமாகக் கொடுத்துப் பார்த்தது. ஊர் ஊருக்குச் சங்கம் வைத்து, கம்பங்களில் வண்ணப் பட்டை தீட்டி, சாலைக்கு ஒரு பெயரையும் சூட்டினார்கள். அப்படிப் பெயர் பெற்ற சாலைகள் சுமார் 250. ஒரே கம்பத்தில் நான்கைந்து சங்கங்களின் பட்டைகள் ஏறியதும் குழப்பம் பழையபடி வந்து உட்கார்ந்தது.

விடை எளிமையாக இருந்தது. 1918-ல் விஸ்கான்சின் மாநிலம் தன் சாலைகளுக்குப் பெயரை விட்டுவிட்டு எண் கொடுத்தது. 1926 நவம்பர் 11 அன்று நாடு முழுவதற்கும் எண் திட்டம் வந்தது. கிழக்கு-மேற்காக ஓடுவதற்கு இரட்டைப்படை, வடக்கு-தெற்காக ஓடுவதற்கு ஒற்றைப்படை. எண்ணை யாரும் பெயின்ட் அடித்து மறைக்க மாட்டார்கள். வீட்டையும் மரத்தையும் நம்பியிருந்த நீலப் புத்தகம் சில ஆண்டுகளிலேயே நின்றுபோனது. வரிவரியாக வழி சொல்லும் கலை அதோடு தீர்ந்தது என்றே தோன்றியது. அதற்கு மறுவாழ்வு கொடுத்தது, யாரும் எதிர்பார்க்காத இடத்தில், சோளக் காட்டுக்கு நடுவே இருந்த ஒரு கட்டடம்.

1930-ல் அமெரிக்கக் கிராமப்புறங்களில் ஓராசிரியர் பள்ளிகள் மட்டும் ஒன்றரை லட்சத்தை ஒட்டி இருந்தன. ஓர் அறை, ஓர் அடுப்பு, எட்டு வகுப்பு. அவற்றை மூடிவிட்டு, நாலைந்து ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய பள்ளி கட்டும் வேலை அடுத்த பல ஆண்டுகள் நடந்தது. பள்ளி யாருடைய ஊரில் வருவது என்று ஒவ்வொரு இடத்திலும் சண்டை. பல இடங்களில் சமரசம் ஒன்றுதான்: எந்த ஊரிலும் வேண்டாம், எல்லா ஊருக்கும் நடுவில் உள்ள வயல்வெளியில் கட்டலாம். பிள்ளைகளை அங்கே கொண்டுபோகப் பேருந்துகள் வேண்டியிருந்தன. 1939 ஏப்ரலில் கொலம்பியா பல்கலைக்கழக ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியர் ஃபிராங்க் சைர் கூட்டிய மாநாடு ஏழு நாள் பேசி, பள்ளிப் பேருந்துக்கு 44 விதிமுறைகளை வகுத்தது. விடியலிலும் மாலை மங்கலிலும் கறுப்பு எழுத்து பளிச்சென்று தெரிய மஞ்சளே ஏற்றது என்று முடிவானதும் அங்கேதான். பிள்ளைகளை வீட்டிலிருந்து பள்ளிக்கு அழைத்துவர ஓட்டுநருக்கு வழி மனப்பாடம். சிக்கல் வெள்ளிக்கிழமை மாலையில் வந்தது.

கூடைப்பந்துக்கு ஐந்து பேர் போதும் என்பதால் குட்டிப் பள்ளிகளும் அணி வைத்திருந்தன. பெரிய பள்ளிகளில் அமெரிக்கக் கால்பந்தும் பேஸ்பாலும். பாதி ஆட்டம் சொந்த மைதானத்தில், பாதி வெளியூரில். எதிரணியின் பள்ளி எந்த ஊரிலும் இல்லை. கடைத்தெருவில் நிறுத்தி விசாரிக்கவும் முடியாது. அங்கே கடைத்தெருவே கிடையாது. விலாசம் கேட்டால் ‘ரூரல் ரூட் 2’ என்று வரும். அது கடிதம் கொண்டுபோகும் தபால்காரரின் சுற்றுப்பாதையின் எண். தபால்காரரைத் தவிர யாருக்கும் அதனால் பயன் இல்லை. ஆட்டம் ஏழு மணிக்கு. வழி தவறினால் பார்வையாளர் கூட்டமும் நடுவரும் காத்திருக்க, இருபது பிள்ளைகள் இருட்டில் சுற்றுவார்கள்.

ஆகவே அழைக்கும் பள்ளியே வழி எழுதிக் கொடுத்தது. நெடுஞ்சாலை இத்தனையிலிருந்து வடக்கே திரும்பவும். தானியக் கிடங்கு தாண்டி இரண்டாவது சரளைச் சாலையில் கிழக்கே. தண்ணீர்த் தொட்டி தெரிந்ததும் வலது. பேருந்து பின் வாசல் வழியாக வரவும். ஜில்லெட்டின் பழைய பாணி அச்சு அசலாகத் திரும்பிவந்துவிட்டது. விளையாட்டு இயக்குநரோ அலுவலக எழுத்தரோ தட்டச்சு செய்து, சைக்ளோஸ்டைல் எடுத்து, பெற்றோருக்கும் கொடுத்தார்கள். எந்தப் பதிப்பாளரும் இல்லாமல், ஒவ்வொரு பள்ளியும் தன்னைச் சுற்றியுள்ள சில மைலைத் தானே எழுதியது. இந்தக் காகிதத்துக்குப் போட்டி, கடல் கடந்து ஒரு காபிக் கடை மேஜையில் உருவாகிக்கொண்டிருந்தது.

1956. ஆம்ஸ்டர்டாமில் எட்ஸ்ஹர் டைக்ஸ்ட்ரா என்ற இளைஞர், மணம் செய்துகொள்ளப் போகும் பெண்ணோடு கடைகளைச் சுற்றிக் களைத்து, காபி குடிக்க உட்கார்ந்தார். அவர் வேலை செய்த கணித மையத்தில் ஆர்மாக் என்ற புதிய கணினியைப் பொதுமக்களுக்குக் காட்ட வேண்டும். கணக்குத் தெரியாதவருக்கும் புரியும் ஒரு கேள்வி வேண்டும். ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்கு மிகக் குறுகிய வழி எது? காகிதமும் பென்சிலும் இல்லாமல், இருபது நிமிடத்தில் மனத்துக்குள்ளேயே விடை காணும் முறையை முடித்துவிட்டார். நெதர்லாந்தின் 64 ஊர்களை வைத்துக் கணினி வழி சொன்னது. அவருக்கு அது ஒரு வேடிக்கைக் கணக்கு. மூன்று வருடம் அச்சேறாமலே கிடந்து, 1959-ல் சில பக்கக் கட்டுரையாக வெளிவந்தது. ஆனால் கணினிக்கு வழி கண்டுபிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. போய்ச் சேர வேண்டிய இடம் எங்கே என்றும் தெரிய வேண்டும். ‘ரூரல் ரூட் 2’ என்றால் அதற்கு என்ன புரியும்?

அந்த முடிச்சை அவிழ்த்தது ஆம்புலன்ஸ். 1968 பிப்ரவரி 16 அன்று அலபாமாவின் ஹேலிவில் என்ற சிற்றூரில் 911 என்ற அவசர எண்ணில் முதல் அழைப்பு ஒலித்தது. எண் பரவப் பரவ ஒரு சங்கடம் தெரிந்தது: கூப்பிடுகிறவர் வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? பெயரில்லாத கிராமச் சாலைகளுக்கெல்லாம் மாவட்ட நிர்வாகங்கள் பெயர் வைத்தன. வீடு, பண்ணை, பள்ளி எல்லாவற்றுக்கும் கதவு எண் கொடுத்தன. பல ஆண்டுகள் நடந்த வேலை இது. உயிர் காக்கப் போட்ட எண்ணால், வயலுக்கு நடுவே நின்ற பள்ளிக்கும் வந்தவர் எவரும் கண்டுபிடிக்கக்கூடிய விலாசம் கிடைத்தது. இன்னொரு பக்கம், 1990 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காக அமெரிக்க அரசு நாட்டின் சாலைகளை எல்லாம் ‘டைகர்’ என்ற கணினிக் கோப்பில் ஏற்றியது. அரசாங்கச் சொத்து என்பதால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வழி காணும் கணக்கு, சாலைகளின் பட்டியல், கதவு எண் மூன்றும் தனித்தனியே தயார். அவற்றைச் சேர்த்துவைக்க ஒரு கை தேவைப்பட்டது.

வந்த கை பழைய ஆளுடையது. பெட்ரோல் நிலையங்களில் இலவசமாகக் கொடுத்த வரைபடங்களைத் தயாரிக்க ஆர்.ஆர். டானெலி அச்சகம் 1967-ல் ஒரு பிரிவு தொடங்கியிருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடியோடு இலவச வரைபடக் காலம் மங்கிப்போனது. பிரிவு சாகவில்லை, கணினிப் பக்கம் சாய்ந்தது, தனிக் கம்பெனி ஆனது, 1996 பிப்ரவரி 5 அன்று மேப்குவெஸ்ட் என்ற இணையதளத்தைத் திறந்தது. புறப்படும் விலாசம், சேரும் விலாசம் இரண்டையும் தட்டினால் திருப்பத்துக்குத் திருப்பம், மைல் கணக்கோடு வரி வரியாக வழி வந்தது. அதை அச்செடுத்துக் காரில் வைத்துக்கொண்டார்கள். 2000 மே முதல் தேதி ஜிபிஎஸ் சமிக்ஞையில் பொதுமக்களுக்காக வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையையும் அரசு நீக்கியது. அதன்பின் காகிதத்துக்கும் வேலை குறைந்தது. 2009-ல் கைபேசியே பேசி வழி சொன்னது.

இன்று அமெரிக்க உயர்நிலைப் பள்ளி எதன் ஆட்ட அட்டவணையைத் திறந்தாலும், வெளியூர் ஆட்டத்தின் பக்கத்தில் வழி காட்டும் ஒரு சிறு இணைப்பு இருப்பது வாடிக்கை. ஒருமுறை தொட்டால் போதும். ஒரு பெற்றோரும் அதை இரண்டாம் முறை நினைப்பதில்லை. குதிரையில் வந்த பெண்ணின் குறும்பும், ஜில்லெட்டின் மைல் கணக்கும், விஸ்கான்சினின் எண்களும், டைக்ஸ்ட்ராவின் இருபது நிமிடமும், ஆம்புலன்ஸுக்காகப் போட்ட கதவு எண்ணும் அந்த ஒரு தொடுதலில் அடங்கியிருக்கின்றன.

ஆனால் அது கொண்டுபோய் நிறுத்துவது பள்ளியின் முன்வாசலில். கால்பந்து மைதானம் பின்னால் இருக்கலாம். சில பள்ளிகளுக்கு வேறு தெருவிலேயே இருக்கும். கார்களுக்காக எழுதிய வழிகாட்டிக்குப் பேருந்தின் உயரமும் தெரியாது, அது திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்பதும் தெரியாது. அதனால் பல பள்ளிகள் இணைப்புக்குக் கீழே இன்னும் சில வரிகள் சேர்க்கின்றன: பேருந்து எந்த வாசலில் நுழைய வேண்டும், எங்கே நிற்க வேண்டும், விருந்தினர் பக்கப் படிக்கட்டு எது. எந்தக் கணினியும் தராத அந்த வரிகளை எழுதுபவர் அந்தந்தப் பள்ளியின் ஊழியர்தான்.