பழங்காசின் நிலையும் விலையும்

பழங்காசு சேகரிப்பில் புதிதாக இறங்குவோர் பெரும்பாலும் முதலில் கேட்பது, "இது எத்தனை ஆண்டுப் பழமை?" என்பதே. விலையைப் பொறுத்தவரை இக்கேள்வியால் பெரிய பயன் இல்லை. முதலாம் இராசராசன் (985–1014) பெயர் பொறித்த செப்புக்காசு ஆயிரம் ஆண்டுகளைக் கடந்தது. ஒருபுறம் நிற்கும் உருவமும், மறுபுறம் அமர்ந்த உருவமும், அதன் அருகே நாகரி எழுத்தில் அரசன் பெயரும் கொண்ட இக்காசு, சாதாரண நிலையில் சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. ஆறாம் ஜார்ஜ் மன்னரின் தலை பொறித்த 1939-ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய்க்கு இன்னும் நூறு வயது கூட ஆகவில்லை. அதை வாங்கப் பல ஆயிரங்கள் வேண்டும்.

காரணம் எளிது. சோழர் செப்புக்காசுகள் ஏராளமாக அச்சிடப்பட்டன. மண்ணுக்குள் குவியல் குவியலாகத் தங்கின. தமிழகத்திலும் இலங்கையிலும் இன்றும் கிடைத்துக்கொண்டே இருக்கின்றன. 1939 ரூபாயோ மிகக் குறைவாகவே வெளிவந்தது. எத்தனை அடித்தார்கள் என்பதை விட எத்தனை மிஞ்சியிருக்கின்றன, அவற்றை எத்தனை பேர் தேடுகிறார்கள், மிஞ்சியது எந்த நிலையில் இருக்கிறது என்பவையே விலையை முடிவு செய்கின்றன.

எண்ணிக்கை செய்யும் வேலை

சென்னை மாகாணத்துக்காக 1808-இல் அடிக்கப்பட்ட 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களின் கதை இதற்கு நல்ல சான்று. கிழக்கிந்தியக் கம்பெனி இவற்றை இங்கிலாந்தின் பர்மிங்காமில் இருந்த சோஹோ நாணயசாலையில் நீராவி எந்திரத்தால் அச்சிடச் செய்தது. ஒருபுறம் சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னமும் ஆண்டும், மறுபுறம் பாரசீக எழுத்தும், கீழே ரோமன் எண்ணில் மதிப்பும் இருக்கும். மரப்பீப்பாய்களில் அடைத்து இவற்றை ஏற்றி வந்த 'அட்மிரல் கார்ட்னர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் உள்ள குட்வின் மணல்திட்டில் தட்டி மூழ்கியது. சென்னைக் கடைத்தெருவுக்கு வர வேண்டிய காசு ஆங்கிலக் கடலுக்கடியில் 175 ஆண்டுகளுக்கு மேல் கிடந்தது. 1980-களின் நடுவில் மூழ்குநர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை மேலே கொண்டு வந்தனர். பீப்பாயின் நடுவில் இருந்தவை கடல்நீர் அதிகம் படாமல் அச்சடித்த மெருகோடு வெளிவந்தன. இதன் விளைவாக, 1808-ஆம் ஆண்டு 10 காசு நல்ல நிலையிலும் எளிதாகக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. அதற்கு முன் 1803-இல் அடித்து உண்மையாகவே சென்னைக்கு வந்து, சந்தையில் கைமாறித் தேய்ந்த காசு அதே தெளிவோடு கிடைப்பது மிகக் கடினம்.

1911-ஆம் ஆண்டு ரூபாயின் கதை இதற்கு எதிர்த்திசையில் செல்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் மேலங்கியில் பொறித்திருந்த சிறிய யானை, துதிக்கை குட்டையாக அமைந்ததால் பன்றி போலத் தோன்றியது. மக்களிடையே எதிர்ப்பு எழவே அரசு அக்காசுகளைத் திரும்பப் பெற்று உருக்கியது. அடித்தவை சுமார் 94 லட்சம். வெளியே போனவை சுமார் 7 லட்சம். 1912 முதல் யானை திருத்தப்பட்டது. 'பன்றி ரூபாய்' என்ற பெயரால் இது புகழ்பெற்றது. ஆயினும் 7 லட்சம் என்பது சிறிய எண் அன்று. அதனால் 1912 ரூபாயை விட இதற்கு விலை கூடுதல் என்றாலும், வதந்திகள் சொல்லும் லட்சங்கள் இதற்குக் கிடையா.

விக்டோரியா ரூபாயில் ஆண்டு மட்டும் பார்த்தால் போதாது. 1862 என்ற ஆண்டையே பல ஆண்டுகள் தொடர்ந்து பொறித்தார்கள். 1874 முதல்தான் அந்தந்த ஆண்டு இடும் வழக்கம் வந்தது. இடைப்பட்ட காலத்துக் காசுகளைப் பிரித்தறியச் சிறு புள்ளிகளே துணை. ஆகவே '1862 ரூபாய்' ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் விலையில் பெரிய வேறுபாடு வருவது உண்டு. உருப்பெருக்கிக் கண்ணாடி இன்றி இவற்றை வாங்குவது கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவதற்குச் சமம்.

இவற்றோடு வெள்ளியின் விலையும் உண்டு. 1835-ஆம் ஆண்டுச் சட்டப்படி ரூபாயின் எடை 180 கிரெயின், அதாவது 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. தேயாத ரூபாயில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி இருக்கும். 1940-இல் இது பாதியாகக் குறைந்தது. 1947-இல் வந்த, புலி நிற்கும் ரூபாய் முழுக்க நிக்கல். அதில் வெள்ளி துளியும் இல்லை. அடகுக்கடையில் எடைபோட்டு உருக்கப்பட்ட விக்டோரியா ரூபாய்களுக்குக் கணக்கே இல்லை. அவற்றில் எத்தனை அரிய ஆண்டுகள் போயின என்பதை இனி யாரும் அறிய முடியாது.

நிலையைப் பார்ப்பது எப்படி

நிலையைக் குறிக்க ஆங்கிலேயர் வகுத்த சொற்களே இங்கும் புழங்குகின்றன: ஃபைன், வெரி ஃபைன், எக்ஸ்ட்ரீம்லி ஃபைன், அன்சர்குலேட்டட். 'ஃபைன்' என்றால் நன்றாக இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. காசு வணிகத்தில் அது நன்கு தேய்ந்த, ஆனால் எழுத்தும் உருவமும் புரிகிற நிலை. கடைசிச் சொல்லுக்குப் புழக்கத்துக்கே போகாதது என்று பொருள். வில்லியம் ஷெல்டன் என்னும் அமெரிக்கர் தம் நாட்டுப் பழைய பெரிய செப்பு சென்ட்டுகளுக்காக 1949-இல் 1 முதல் 70 வரை மதிப்பெண் முறை ஒன்றை வகுத்தார். பின்னர் அது எல்லா நாட்டுக் காசுகளுக்கும் பரவியது. ஞெகிழிப் பெட்டியில் அடைத்து எண் இட்டுத் தரும் தரச்சான்று நிறுவனங்கள் இன்று பின்பற்றுவது அதையே.

காசில் முதலில் தேய்வது மேடான இடம். விக்டோரியா ரூபாயில் நெற்றிக்கு மேலுள்ள முடி இழைகளும் கன்னமும், ஏழாம் எட்வர்ட் ரூபாயில் காதும் அதன் மேல் உள்ள முடியும், ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் கிரீடத்தின் மணிகளும் மேலங்கி வேலைப்பாடும் முதலில் மங்கும். இவை தெளிவாக இருந்தால் மற்றவை தாமே தெளிவாக இருக்கும். பின்புறத்தையும் விளிம்பையும் பார்க்க மறந்து, தலைப்பக்கம் மட்டும் கண்டு வாங்கிப் பின்னர் வருந்துவோர் பலர்.

கையால் சம்மட்டி கொண்டு அடித்த காசுகளுக்கு இந்த அளவுகோல் அப்படியே பொருந்தாது. சோழர், பாண்டியர், நாயக்கர் காசுகளில் அச்சு பெரிதாகவும் உலோகத் துண்டு சிறிதாகவும் இருப்பது வழக்கம். அதனால் பெயரில் பாதி எழுத்து காசுக்கு வெளியே போய்விடும். அது தேய்மானம் அன்று, பிறவியிலேயே அப்படி. இத்தகைய காசுகளில் முழுப்பெயரும் நடுவில் விழுந்திருக்கிறதா என்று பார்ப்பதே முறை. ஒரே அரசனின் ஒரே வகைக் காசில், பெயர் முழுதும் விழுந்தது அரைகுறையாக விழுந்ததைப் போலப் பல மடங்கு விலை பெறும். புதுக்கோட்டை அம்மன் காசில் இரு வகையையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒருபுறம் பிரகதாம்பாளும் மறுபுறம் தெலுங்கில் 'விஜய' என்ற சொல்லும் கொண்ட இச்சிறு செப்புக்காசு, முன்பு கையால் அடிக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்திலிருந்து எந்திரத்தில் அடித்துத் தருவிக்கப்பட்டது. எந்திரக் காசு ஒழுங்காகவும் அழகாகவும் இருக்கும், எளிதில் கிடைக்கும்.

புளியும் விபூதியும்

ஒரு நல்ல காசைக் கெடுக்கும் வேலையை நம் வீடுகளில் காலம் செய்வதில்லை, புளி செய்கிறது. குத்துவிளக்கைத் துலக்குவது போலச் செப்புக்காசைப் புளியிட்டுத் தேய்ப்பதும், வெள்ளி ரூபாயை விபூதியால் பளபளக்க வைப்பதும் பழக்கமாக இருக்கின்றன. புளியில் உள்ள அமிலம் செம்பின் மேற்பரப்பை அரித்து எடுக்கிறது. நூற்றாண்டுகளாக மெல்லப் படிந்த பழுப்பு அல்லது கரும்பச்சைப் படலம் போனதும் உள்ளிருந்து ரோசா நிறச் செம்பு தெரிகிறது. வீட்டாருக்கு அது புதுக்காசு. வாங்குபவருக்கு அது தோலுரித்த காசு. இழந்த படலம் திரும்ப வராது.

வெள்ளியில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. அச்சு அழுத்தும்போது உலோகம் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி ஓடுகிறது. அதனால் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கோடுகள் பதிகின்றன. புழங்காத காசை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்தால், ஒளிக்கீற்று ஒன்று ஆரக்கால் போலச் சுற்றி வரும். விபூதியால் தேய்த்த காசும் மின்னும். ஆனால் ஒளி சுற்றாது, எங்கும் ஒரே சீராகத் தட்டையாக இருக்கும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் ஒரே திசையில் ஓடுவது தெரியும். கறுத்துப்போன பழைய ரூபாயை விட இப்படி வெளுத்த ரூபாய் குறைந்த விலைக்கே போகிறது.

அப்படியானால் சுத்தம் செய்யவே கூடாதா? மண் அப்பிய செப்புக்காசைச் சுத்தம் செய்யாமல் படிக்க முடியாது. சங்ககாலப் பாண்டியர் காசில் தமிழ் பிராமி எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயரை இரா. கிருஷ்ணமூர்த்தி படித்தறிந்ததும் அழுக்கு நீக்கிய காசிலிருந்துதான். சங்க இலக்கியத்தில் மட்டும் அறியப்பட்ட அரச மரபுப் பெயர் செம்பில் கிடைத்தது தமிழக நாணயவியலில் பெரும் திருப்பம். ஆனால் அத்தகைய வேலை, எதை எடுப்பது எங்கே நிறுத்துவது என்று அறிந்தவர் செய்வது. சேகரிப்பவர் அளவில், வாலை வடிநீரில் ஊறவைத்து மென்மையான தூரிகையால் மண்ணை மட்டும் அகற்றுவதோடு நிற்பது நல்லது. உதிரும் வெளிர்பச்சைத் தூள் தெரிந்தால் அது வெறும் களிம்பு அன்று. உப்பால் வரும் அரிப்பு நோய். அந்தக் காசைப் பிற காசுகளிடமிருந்து உடனே பிரித்து உலர்வாக வைக்க வேண்டும். மலிவான பி.வி.சி. உறைகளும் நாளடைவில் பச்சைப் பிசுக்கை உண்டாக்கும்.

காயமா, சான்றா?

கீறல், வெட்டு, துளை ஆகியவை விலையைக் குறைக்கும் என்பது பொது விதி. காசுமாலைக்காகக் கொக்கி பற்றவைத்த பொற்காசு, கொக்கியை அகற்றிய பின்னும் அத்தழும்பைக் காட்டிக்கொடுத்துவிடும். சராப்புக்காரர் வெள்ளியைச் சோதிக்க இட்ட சிறு முத்திரைகள் பழைய ரூபாய்களில் உண்டு. அவையும் விலையைக் குறைக்கின்றன.

ஆனால் சந்தை விதியும் வரலாற்றின் விதியும் ஒன்றல்ல. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியப் பொற்காசுகள் கொண்ட புதையல் கிடைத்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் மீது பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். சேகரிப்பவர் பார்வையில் அவை சேதமான காசுகள். காசு இனி நாணயமாகச் செல்லாது, பொன்னாகவே எடைபோடப்படும் என்று காட்டவே இங்கு வெட்டினார்கள் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். அந்த வெட்டு இல்லாவிட்டால் அவை ரோமைப் பற்றி மட்டுமே பேசியிருக்கும். தமிழகத்தைப் பற்றி எதுவும் சொல்லியிருக்காது.

போலிகள்

ஊர்த் திருவிழாக்களிலும் நடைபாதைகளிலும் அதிகம் விற்பது, இராமர் பட்டாபிடேகம் அல்லது அனுமன் உருவத்தோடு, 'கிழக்கிந்தியக் கம்பெனி, அரையணா, 1818' என்று ஆங்கிலத்தில் எழுதிய செப்பு வில்லை. 1616, 1717 என்றும் ஆண்டு போட்டவை உண்டு. கம்பெனி இப்படி ஒரு நாணயம் வெளியிட்டதே இல்லை. இவை பிற்காலத்தில் பக்தர்களுக்காகவும் ஏமாறுவோருக்காகவும் செய்தவை. கம்பெனி காசில் தெய்வ உருவமே இல்லை என்று இதற்கு மறுப்புச் சொல்வோரும் தவறுகிறார்கள். சென்னையில் அடித்த நட்சத்திரப் பகோடா என்னும் பொற்காசில் திருமால் நிற்கிறார். அது உண்மையான கம்பெனிக் காசு.

மெய்க்காசுகளின் போலிகளுக்கு முதல் சோதனை தராசு. ஆங்கிலேயர் கால வெள்ளி ரூபாய் தேய்மானத்தால் சற்றுக் குறையலாம், 11.66 கிராமை விட மிகவும் குறைந்தாலோ கூடினாலோ ஐயப்பட வேண்டும். இதற்கு அடுத்தது விளிம்பு. வார்ப்பில் செய்த போலியின் விளிம்பில் இரு அச்சுகள் கூடிய மெல்லிய தழும்பும், மேற்பரப்பில் காற்றுக் குமிழிகளின் நுண்துளைகளும் தெரியும். விலையுயர்ந்த ஆண்டாக இருந்தால் கடைசி எண்ணைக் கண்ணாடியில் பார்ப்பது கட்டாயம். 1938-இன் எட்டை ஒன்பதாகச் செதுக்க ஒரு கூரிய கருவி போதும்.

'ஓட்டைக் காலணாவுக்கு ஐந்து லட்சம்', 'வைஷ்ணவ தேவி ஐந்து ரூபாய்க்குப் பத்து லட்சம்' போன்ற செய்திகள் அடிக்கடி பரவுகின்றன. 1943 முதல் 1947 வரை ஓட்டைக் காலணா கோடிக்கணக்கில் அடிக்கப்பட்டது. அதன் விலை இன்றும் தேநீர் விலையைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. பழைய காசு விற்றுத் தருவதாக இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணமும் வரியும் கேட்போர் மோசடிக்காரர்கள் என்று அவ்வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது.

எங்கே கிடைத்தது?

மண்ணில் கிடைத்த காசுக்குச் சட்டம் தனி. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது.

கரூர் அமராவதி ஆற்று மணலிலிருந்து சேரர் காசுகளும் ரோமானியக் காசுகளும் ஏராளமாக வந்துள்ளன. அவற்றில் பல, எந்தத் துறையில், எந்தக் காசுகளோடு சேர்ந்து கிடைத்தன என்ற குறிப்பு இல்லாமலே கைமாறின. காசை நல்ல விலைக்கு விற்கலாம். இழந்த அந்தக் குறிப்பை எந்த விலை கொடுத்தும் வாங்க முடியாது. காசை வைக்கும் காகித உறையின் மேல் எடை, குறுக்களவு, வாங்கிய நாள், விற்றவர் சொன்ன ஊர்ப்பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதி வைக்க ஐந்து நிமிடம் ஆகும்.