பொன்னும் பாதரசமும்

நாட்டை விட்டுப் புறப்பட்ட நாளில் நம்மிற் பலரது கையிலிருந்த ஒரே முதல் பொன். காணியை விற்க முடியாதவர்கள் காப்பையும் சங்கிலியையும் விற்றனர்; தாலிக்கொடியை அடகு வைத்துப் பயணமுகவருக்குப் பணம் கொடுத்தோரும் உளர். நம் உயிரைக் காத்த அந்தப் பொன் எந்த ஆற்றங்கரையில், எவருடைய கைகளால் எடுக்கப்பட்டது என்பதை நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

இன்று 70இற்கும் மேற்பட்ட நாடுகளில் 1 கோடிக்கும் அதிகமான ஏழை மக்கள் சிறு குழிகளிலும் ஆற்று வண்டலிலும் பொன் தேடிப் பிழைக்கின்றனர். அரைத்த கல்லோடு பாதரசத்தைக் கலந்தால் பொற்துகள்கள் அதில் ஒட்டிக்கொள்ளும். அக்கலவையைத் துணியிற் பிழிந்து நெருப்பிற் காய்ச்சினால் பாதரசம் ஆவியாகிப் போக, பொன் எஞ்சும். போன ஆவி காய்ச்சியவனின் நரம்பைத் தாக்குகிறது. ஆற்றில் வீழ்ந்தது மீனில் நஞ்சாகிக் கருவிலுள்ள குழந்தையையும் சென்றடைகிறது.

இம்முறை புதியதன்று. 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் மெக்சிக்கோவிலும் பெருவிலும் வெள்ளியைப் பிரிக்கப் பாதரசத்தைப் பெருமளவிற் பயன்படுத்தினர். பெருவின் ஹுவான்காவெலிக்கா பாதரசச் சுரங்கத்தில் ஆதிக்குடிகள் கட்டாய உழைப்பில் மடிந்தனர். 1848இல் கலிபோர்னியாவில் பொன் கண்டறியப்பட்டபின் அங்கும் அதே வழி தொடர்ந்தது. நீரைப் பீய்ச்சி மலைகளைக் கரைத்த சேறு வயல்களை மூடவே, உழவர்கள் வழக்காடினர். 1884இல் நீதிபதி லொறென்சோ சோயர் ஆறுகளிற் சேற்றைக் கொட்டுவதைத் தடுத்தார். ஆயினும் அன்று சிந்திய பாதரசம் இன்றும் அம்மாநிலத்து மீன்களிற் காணப்படுகிறது.

1956இல் யப்பானின் மினமாட்டாவில் ஒரு கொடிய நரம்புநோய் கண்டறியப்பட்டது. தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசமே மீன்வழி அதைப் பரப்பியது என்பதை அரசு ஏற்பதற்கு 1968 வரை சென்றது. 1980களின் பிற்பகுதியில் அமேசன் காட்டின் யனோமாமி மக்களது நிலத்திற் பொன்தேடுவோர் பல்லாயிரவர் புகுந்தனர். 1992இல் அந்நிலம் அம்மக்களுக்கெனச் சட்டப்படி உறுதிசெய்யப்பட்டது. இருந்தும் 2023 ஜனவரியில் பிரேசில் அரசு அங்கு சுகாதார அவசரநிலையை அறிவிக்க நேர்ந்தது.

2013இல் ஏற்கப்பட்டு 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, சிறுபொன் தொழிலிற் பாதரசத்தைக் குறைக்கவும், இயன்றவிடத்து ஒழிக்கவும் நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. வழிகள் இல்லாமலில்லை. மூடிய கலத்திற் காய்ச்சி ஆவியைக் குளிர்வித்தால் பாதரசத்தின் பெரும்பகுதி மீளக் கிடைக்கும். பிலிப்பைன்சின் பெங்கெற் பகுதி மக்களோ பாதரசமின்றி, வெங்காரத்தைச் சேர்த்துப் பொன்னை உருக்கி எடுக்கின்றனர். நம்மூர்ப் பொற்கொல்லர் பற்றவைக்கப் பயன்படுத்தும் அதே வெங்காரந்தான்!

எனினும் கருவி மட்டும் போதாது. உரிமமற்ற தொழிலாளி அதிகாரிக்கு அஞ்சி ஒளிந்தே வேலை செய்கிறான். ஒளிந்து வாழ்பவனுக்குப் பயிற்சியும் கடனும் நியாய விலையும் எட்டுவதில்லை. கள்ளச்சந்தைப் பாதரசமே கைக்கு எட்டுகிறது. வெறுந்தடை அவனை மேலும் காட்டுக்குள் துரத்தும். அங்கீகாரமே அவனைப் பொறுப்புள்ளவனாக்கும். பத்திரமின்றி வாழ்வது எத்தகையது என்பதை அகதிகளாகிய நமக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்த திருமணத்திற்கு நகை வாங்கும்போது, "இப்பொன் எங்கிருந்து வந்தது?" என்று கடைக்காரரைக் கேட்போம். உடன் விடை கிடையாது போகலாம். பலர் கேட்டால், விடை தேடவேண்டிய கடமை விற்பவருக்கு உண்டாகும். நம்மைக் கரைசேர்த்த பொன்னுக்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு இதுவே.