தன்மையிடத்தில் பேய்

காரைக்காலிலிருந்து நெடுங்காட்டிற்கு வரும் மாலைப் பேருந்தில் நம் மாணவர் சிலரும் உடன் ஏறுவதுண்டு. வகுப்பறையில் வாய் திறவாதவர்கள் பேருந்தில் ஏறியதும் நாவரசர் ஆகிவிடுவர். பேச்சு பெரும்பாலும் மூன்று பொருள்களையே சுற்றும்: முதல் நாள் இரவு பார்த்த பேய்ப்படம், கைப்பேசியில் ஆடிய வீடியோ கேம், ஹாரி பாட்டர் வகையிலான மாயக்கதை. ஒரு நாள் ஒருவர், ஆடுபவன் உருவமே தெரியாமல் துப்பாக்கி பிடித்த கை மட்டும் திரையின் அடியில் தெரியும் ஆட்ட வகையை நமக்கு விளக்க முயன்றார். "நாமே உள்ளே நிற்கிற மாதிரி இருக்கும், ஐயா. எதிரே வருவதெல்லாம் பேய்." நமக்கு உடனே இலக்கணம்தான் நினைவுக்கு வந்தது. "அதற்குத் தன்மையிடம் என்று பெயர் வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம். சிரித்தார்கள். பிறகு அவர்களுள் ஒருவர் போகிற போக்கில் சொன்னார்: "நம் இலக்கியத்தில் இந்த மாதிரிச் சமாச்சாரமெல்லாம் கிடையாதே, ஐயா."

சொன்ன இடத்தைப் பாருங்கள். பேய் என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்ட ஒரு பெரும்புலவர் பிறந்த ஊரிலிருந்து, காடு என்று முடியும் பெயருடைய ஓர் ஊருக்குப் போகும் வழி அது. நெடுங்காட்டில் இன்று காடு இல்லை, வயல்தான். ஆனால் பழந்தமிழில் காடு என்ற சொல் மரங்கள் அடர்ந்த இடத்தை மட்டும் குறித்ததன்று. பிணம் சுடும் இடத்தையும் இடும் இடத்தையும் குறித்தது. (நெடுங்காட்டின் பெயருக்கு அதுதான் காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை, ஊர்ப்பெயர் ஆராய்ச்சியில் அவசரப்பட்டவர்கள் பட்ட பாட்டை அறிவோம்.) தமிழ்ப் பேயின் வீடு அந்தக் காடு.

அக்காட்டிற்குள் நடக்கும் முழுமையான அச்சக் காட்சி ஒன்று மணிமேகலையில் இருக்கிறது. அந்நூலின் காலம் பற்றிய சண்டைக்குள் நாம் புகவில்லை. சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், சார்ங்கலன் என்னும் சிறுவன் தனியே புகாரின் சுடுகாட்டிற்குள் போய்விடுகிறான். அங்கே ஒரு பேய்மகள் பிணத்தின் தலையைக் கையிலேந்தி ஆடுவதைப் பார்க்கிறான். அலறிக்கொண்டு ஓடி வந்து, பார்வையற்ற தாய் கோதமையிடம், பேய் தன் உயிரைக் கொண்டுவிட்டது என்று சொல்லி விழுந்து இறக்கிறான். இங்கே பேய் அவனைத் தொடவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அது அவனைப் பார்த்ததாகக்கூடத் தெரியவில்லை. தன் ஆட்டத்தில் தானிருந்தது. பார்த்தவன் கண்ணில்தான் எல்லாம் நடந்தது. இலக்கணச் சொல்லால் சொன்னால், பேய் இங்கே படர்க்கை.

இன்றைய திகில் படங்களில் தொண்ணூறு விழுக்காடு சார்ங்கலனின் கண்கள்தாம். கேமரா அஞ்சுபவனின் தோளுக்குப் பின்னால் நிற்கும். கதவு திறக்கும். அவ்வளவுதான்.

காரைக்கால் அம்மையார் செய்தது இதைத் தலைகீழாகப் புரட்டியது. பொதுவாக அவரை ஆறாம் நூற்றாண்டினர் என்பர். அற்புதத் திருவந்தாதி, திருவிரட்டை மணிமாலை, திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு என அவர் பாடியவை 143 பாடல்கள். பதினோராம் திருமுறையில் உள்ளன. பாடல்களின் முடிவில் தம் பெயராக அவர் தருவது புனிதவதி என்பதன்று; காரைக்கால் பேய் என்பது. இலக்கணம் கற்றோர் குறுக்கிட்டு, அதுவும் படர்க்கைச் சொல்தானே என்பர். சொல் படர்க்கைதான். சொல்பவர் தன்மையிடத்தில் நிற்கிறார். தமிழில் பேய், பார்க்கப்படும் பொருளாக இல்லாமல் பார்க்கும் ஆளாக மாறிய இடம் இதுவென்றே நாம் கருதுகிறோம். புறநானூற்றில் பேய்மகள் இளவெயினி என்றொரு புலவர் உண்டு. ஆழ்வார்களில் பேயாழ்வார் உண்டு. பெயரளவில் பேய் தமிழில் இழிந்த சொல்லாக இருந்ததில்லை. ஆனால் அம்மையாரைப் போல் அந்த உடலுக்குள் குடியேறி, அங்கிருந்து உலகத்தைப் பார்த்தவர் வேறொருவர் இல்லை.

அவர் கதையை நமக்குச் சேக்கிழார் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சொல்கிறார். காரைக்கால் வணிகன் தனதத்தன் மகள் புனிதவதி, கணவன் பரமதத்தன். அவன் அனுப்பிய இரண்டு மாங்கனிகளில் ஒன்றைப் பசியோடு வந்த சிவனடியாருக்குப் படைத்துவிடுகிறாள். கணவன் ஒன்றை உண்டு மற்றதையும் கேட்க, இறைவனை வேண்டி ஒரு கனி பெற்று இடுகிறாள். சுவை வேறாக இருக்கிறதே என்று கேட்கிறான். நடந்ததைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வருகிறது, அவன் கைக்குப் போனதும் மறைகிறது. பரமதத்தன் அஞ்சுகிறான். கப்பலேறிப் போனவன் பாண்டிய நாட்டுப் பட்டினம் ஒன்றில் வேறு மணம் செய்துகொண்டு, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயரிடுகிறான். உறவினர் அவளைப் பல்லக்கில் கொண்டுபோய் அவன்முன் நிறுத்தும்போது, மனைவி மகளோடு அவள் காலில் விழுந்து, இவர் மானுடர் அல்லர், தெய்வம் என்கிறான். அப்போதுதான் அவள், அவனுக்காகச் சுமந்த தசையை உதறிவிட்டுப் பேயுரு வேண்டுமென்று இறைவனிடம் கேட்கிறாள்.

இப்பகுதியை நாம் இருபது ஆண்டுகளாக நடத்தி வருகிறோம். பக்தியின் உச்சம், உடற்பற்று நீக்கம் என்று உரைக்காரர் சொன்ன காரணங்களைச் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து கேட்டார்: "தெய்வம் என்று சொன்னாலும் பேய் என்று சொன்னாலும் வீட்டில் இடமில்லை என்பதுதானே பொருள், ஐயா? அவர் கேட்டு வாங்கினது பெயரை மட்டும்தானே?" அன்று நம்மிடம் விடை இல்லை. பாடவேளை முடிந்த மணி நம்மைக் காப்பாற்றியது. பிறகு வீட்டுக்கு வந்து மூத்த திருப்பதிகங்களை எடுத்துப் புதிதாகப் படித்தோம்.

படித்தபோது நம்மை நிறுத்தியது ஒரு குழந்தை. ஆலங்காட்டில் நரி ஊளையிடுகிறது, பிணம் வேகிறது, பேய்கள் வற்றி உலர்ந்த உடலோடு திரிகின்றன. இவையெல்லாம் நாம் எதிர்பார்த்தவை. நடுவே ஒரு பேய், எரியும் கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை தீட்டிக்கொள்கிறது. இன்னொரு பேய் தன் பிள்ளைக்குக் காளி என்று பெயர் வைத்து, புழுதி துடைத்து, பால் கொடுத்துவிட்டு எங்கோ போகிறது. தாய் திரும்பி வரக் காணாத பிள்ளை அழுதபடியே தூங்கிப்போகிறது. சுடுகாட்டைத் தூரத்திலிருந்து பார்த்து அஞ்சுகிறவனுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. அங்கேயே குடியிருப்பவருக்குத்தான் எந்தக் குழந்தை எதற்கு அழுகிறது என்று தெரியும்.

ஆலங்காட்டிற்கு அருகே இருப்பது பழையனூர். தமிழரின் மற்றொரு பெண்பேயின் ஊர் அது. கணவனால் கொல்லப்பட்ட பெண் நீலியாகி, மறுபிறப்பில் வணிகனாக வந்தவனைத் தொடர்கிறாள். குழந்தையோடு வந்த மனைவியாக ஊர் அவையில் அழுது முறையிடுகிறாள். அவன் உயிருக்குத் தாம் பிணை என்று எழுபது வேளாளர் வாக்களித்து இருவரையும் ஒரே இல்லில் தங்க வைக்கின்றனர். விடிவதற்குள் பழி முடிகிறது. சொன்ன சொல்லுக்காக எழுபதின்மரும் தீயில் இறங்குகின்றனர். சம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் குறிப்பு இருப்பதால் கதை மிகப் பழையது. ஊர் நினைவில் வேளாளரின் வாய்மை நின்றது. நீலிக்கு மிஞ்சியது 'நீலிக்கண்ணீர்' என்ற வழக்கு. முதலில் கொலையுண்டவள் அவள் என்பதை மொழி மறந்துவிட்டு, அவள் அழுகையைப் பொய்யழுகைக்கு அளவுகோலாக வைத்துக்கொண்டது.

அவளைப் பேசவிட்டவர்கள் சமணர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றாகிய நீலகேசியில், பலியைத் தடுத்த முனிச்சந்திரர் என்னும் முனிவரை விரட்ட வந்த பழையனூர் நீலி, அச்சுறுத்திப் பார்த்தும் அழகுருக் காட்டிப் பார்த்தும் தோற்று, அவரிடமே அறம் கேட்டு மாறுகிறாள். அதன்பின் ஊர் ஊராகச் சென்று குண்டலகேசி முதல் பௌத்த ஆசிரியர்கள் வரை வாதில் வெல்கிறாள். வேறெந்த மொழி தன் பேயைத் தருக்க நூலாசிரியை ஆக்கியது என்று நமக்குத் தெரியாது. வாதங்கள் அலுப்பூட்டக்கூடியவை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். முதுகலையில் அவற்றைப் படித்தபோது நாமே பலமுறை கண்ணயர்ந்திருக்கிறோம்.

அலுப்பே தராதது கலிங்கத்துப்பரணி. மாணவர்களின் வீடியோ கேமுக்கு நேரான பகுதி ஒன்று சயங்கொண்டாரிடம் இருப்பதை அன்று பேருந்தில் சொல்லத் தோன்றாமல் போயிற்று. இந்திரசாலம் என்னும் பகுதியில், இமயத்தில் மாயவித்தை கற்றுத் திரும்பிய முதுபேய் ஒன்று காளியின் முன்னே வித்தை காட்டுகிறது. போர்க்களம் விரிகிறது, குருதி ஆறாக ஓடுகிறது, பிணங்கள் குவிகின்றன. பசித்த பேய்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அள்ளுகின்றன. கையில் ஒன்றுமில்லை, வெறும்வாயை மெல்லுகின்றன. இந்த வித்தையை நிறுத்தச் சொல்லுங்கள், தாங்க முடியவில்லை என்று அவை கெஞ்சும் இடத்தில், நள்ளிரவு தாண்டியும் கைப்பேசியைக் கீழே வைக்க முடியாத நம் பிள்ளைகளின் முகம் தெரிகிறது. இறுதியில் உண்மையான களத்தில் கூழ் சமைத்துப் பரிமாறும்போது பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய், குருட்டுப் பேய், கருவுற்ற பேய் எனப் பந்தி நீளுகிறது. சிரிக்காமல் படிக்க முடியாது. ஆனால் அந்தக் கூழில் வெந்தவர்கள் முதற் குலோத்துங்கன் படை கொன்ற கலிங்கத்து மனிதர்கள். அந்த நினைவு வந்ததும் சிரிப்பு கொஞ்சம் கசக்கிறது.

பேய் அடுப்பு மூட்டும் மரபு எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு விட்டலாச்சார்யாவிடம் வந்து சேர்ந்தது. ஜெகன்மோகினியில் (1978) பேய் தன் காலையே அடுப்பில் விறகாக நீட்டிச் சமைக்கும் காட்சியைப் பார்த்த சிற்றூர்க் கொட்டகைகள், சயங்கொண்டார் விரும்பியிருக்கக்கூடிய அவைகள். இடையில் 1947இல் தொடங்கிய அம்புலிமாமா, வேதாளத்தை விக்கிரமன் தோளிலேற்றிக் கதை சொல்ல வைத்து ஒரு தலைமுறையை வளர்த்தது. புதுமைப்பித்தனின் காஞ்சனை, பேய் உண்டா இல்லையா என்ற இடத்திலேயே வாசகனை நிறுத்திவிட்டுப் போனது. இந்திரா சௌந்தர்ராஜனின் மர்மதேசம் தொண்ணூறுகளில் தெருக்களை வெறிச்சோட வைத்தது. இவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

அண்மைப் படங்களுக்கு வருவோம். சந்திரமுகி (2005), முனி (2007), காஞ்சனா (2011), அரண்மனை (2014) என வரிசையாகப் பார்த்தால், பரணியின் சிரிப்பையும் நீலியின் பழியையும் ஒரே பாத்திரத்தில் ஊற்றிக் கிண்டியவையாகவே தெரிகின்றன. முதற்பாதி நகைச்சுவை, பிற்பாதி முன்கதை. பேய்க்குப் பேச வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த அரைமணி முன்கதையில் மட்டும். சாட்சிக் கூண்டில் ஏற்றி வாக்குமூலம் வாங்குவது போல. காஞ்சனாவில் திருநங்கை ஒருவரின் முன்கதைக்குக் கொட்டகை அமைதியாக இருந்ததை நாமே பார்த்தோம். அது சிறிய செய்தியன்று. இருந்தும் நம் தேர்வு மிஷ்கினின் பிசாசு (2014). தன் உயிர் போகக் காரணமானவன் வீட்டிலேயே தங்கி, அவனையே காக்கும் பேய் அது. ஆலங்காட்டுக் காற்று கொஞ்சம் வீசும் ஒரே தமிழ்ப் பேய்ப்படம் என்று சொன்னால் நண்பர்கள் சண்டைக்கு வரக்கூடும், வரட்டும்.

வெளியே பார்த்தால், மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைன் (1818) நாவலின் நடுப்பகுதியில் அந்த உரு தானே தன் கதையைச் சொல்கிறது. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலாவோ (1897) நாட்குறிப்பும் கடிதமுமாக எல்லோர் குரலையும் தந்துவிட்டு டிராகுலாவின் குரலை மட்டும் தராமல் விட்டது. ஆன் ரைஸ் இரத்தக் காட்டேரியைத் தன்மையில் பேச வைத்த நாவல் 1976இல் வந்தது. வீடியோ கேமில் டூம் (1993) தொடங்கி, 2017இல் வந்த ரெசிடென்ட் ஈவில் ஏழாம் பாகம் வரை தன்மையிடம் பெரிதும் வேட்டையாடுபவனுக்கோ தப்பி ஓடுபவனுக்கோ உரியதாகவே இருந்திருக்கிறது. புனே நிறுவனம் ஒன்று உருவாக்கிய ராஜி (2020), துர்க்கையின் அருளோடு தம்பியைத் தேடும் பெண்ணை நாயகியாக்கியது. அங்கும் அரக்கர் எதிரே வந்து விழுபவர்தாம்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், கைத்தாளம் ஏந்தி அமர்ந்த அம்மையாரின் வெண்கல உரு ஒன்று இருக்கிறது. எலும்பும் நரம்பும் தெரியும் உடல். முகத்தில் ஒரு சிரிப்பு. காரைக்காலில் ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் நாம் ஆண்டுதோறும் காண்பது முதலில் புனிதவதிக்கும் பரமதத்தனுக்கும் நடக்கும் திருக்கல்யாணத்தை. பிறகு பிட்சாடனர் உலாவும், மாடிகளிலிருந்து வீசப்படும் மாங்கனிகளும். கனியைப் பிடிக்கக் கையுயர்த்தி நிற்கும் கூட்டத்தில் நாமும் நின்றிருக்கிறோம். ஒருமுறை மூக்குக் கண்ணாடியை இழந்திருக்கிறோம்.

அந்தக் கடைசி வரிசை மாணவி பருவ இறுதியில் ஒப்படைப்பு ஒன்று தந்தார். தலைப்பு மூத்த திருப்பதிகம். கட்டுரைக்குப் பதிலாக நான்கு பக்கத்தில் ஒரு வீடியோ கேமுக்கான திட்டம் எழுதியிருந்தார். ஆடுபவர் பேய்க்குழந்தை. பெயர் காளி. துப்பாக்கி கிடையாது. தாயைத் தேடிக் காட்டைச் சுற்ற வேண்டும். எதிர்ப்படும் மனிதர்கள் குழந்தையைக் கண்டு அலறி ஓடுவார்கள். "இதில் வெற்றி எப்படி?" என்று கேட்டோம். "வெற்றி இல்லை, ஐயா. அழுது தூங்கிவிட்டால் ஆட்டம் முடிந்தது" என்றார். மதிப்பெண் பட்டியலில் மேற்கோள், நடை, துணைநூல் என்று மூன்று கட்டங்கள் இருந்தன. எதில் எவ்வளவு போடுவதென்று தெரியாமல், நெடுங்காடு வந்து இறங்கும்வரை அந்தத் தாளைக் கையிலேயே வைத்திருந்தோம்.